கர்ப்பகாலச் சர்க்கரை: பெண்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்

கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருப்பதாகத் தெரியவந்த பெண்கள், மருத்துவரின் அறையில் கேட்கத் தயங்கி, வெளியே வந்தபின் காத்திருப்போர் இருக்கையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இரண்டு கர்ப்பங்களிலும் சர்க்கரையுடன் வாழ்ந்தவள் என்ற முறையிலும், அதன்பின் இதே நிலையிலிருந்த பல பெண்களோடு பேசிப் பழகியவள் என்ற முறையிலும் எழுதுகிறேன். இதில் வரும் அளவுகள் பெரும்பாலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வழிகாட்டு நெறிமுறைகளைச் சார்ந்தவை. உங்களுக்கான மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எனக்கு ஏன் வந்தது? நான் இனிப்பு அதிகம் சாப்பிட்டதாலா?

இல்லை. இந்தக் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம், ஏறத்தாழ எல்லாப் பெண்களுமே இதைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்பதும், வீட்டிலிருப்பவர்கள் கேட்பதற்கு முன்பே அதற்கான பதிலைத் தாங்களே முடிவுசெய்துவிடுகிறார்கள் என்பதும்தான். "மசக்கையில் ஐஸ்கிரீம் கேட்டாளே, அதனால்தான்" என்று யாராவது சொன்னால் அந்தப் பெண் தலைகுனிந்து அதை ஏற்றுக்கொள்கிறாள். ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கருவுற்றபின் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலின் வேலைசெய்வதைத் தடுக்கின்றன. தாய் உண்டதில் ஒரு பங்கு உடனே தாயின் தசைகளுக்குள் போய்விடாமல் இரத்தத்தில் தங்கி, குழந்தைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கிறது. நஞ்சுக்கொடி வளர வளர இந்தத் தடையும் கூடுவதால், ஆறாம் மாதத்துக்குப் பிறகு, இன்சுலினைச் சுரக்கும் கணையம் வழக்கத்தைவிடப் பலமடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியாத கணையம் உள்ள பெண்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருப்பது, கருவுறும்போதே எடை கூடுதலாக இருப்பது, சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பது, வயது கூடியபின் கருவுறுவது ஆகியவை வாய்ப்பை அதிகமாக்குகின்றன. இவற்றில் எதுவுமே இல்லாத ஒல்லியான இளம்பெண்களுக்கும் வருகிறது.

எத்தனை பேருக்கு வருகிறது என்று தெரிந்தால் தனிமை சற்றுக் குறையும். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வீ. சேஷையாவின் குழு தமிழ்நாட்டில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நகரப் பெண்களில் 17.8 விழுக்காட்டினருக்கும், சிறுநகரப் பெண்களில் 13.8 விழுக்காட்டினருக்கும், கிராமப் பெண்களில் 9.9 விழுக்காட்டினருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. இத்தனை பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டதால் நோயாளியானவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

குளுக்கோஸ் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் செய்யும் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதைப் பொருட்படுத்தாமல், 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குடிக்கச் சொல்வார்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வார்கள். கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போதே முதல் பரிசோதனையும், அதில் ஒன்றும் இல்லையென்றால் 24 முதல் 28 வாரங்களுக்குள் இரண்டாவது பரிசோதனையும் செய்ய வேண்டும்.

வெறும் வயிற்று நிபந்தனையை விலக்கியதில் பெண்களின் நிலையைப் புரிந்துகொண்ட ஓர் அக்கறை இருக்கிறது. காலையில் வீட்டு வேலையை முடித்து, பேருந்து பிடித்து, பத்து மணிக்கு வந்துசேரும் ஒரு கர்ப்பிணியிடம் "நாளைக்குச் சாப்பிடாமல் வாருங்கள்" என்று சொன்னால், அவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. மருத்துவர் சேஷையா போன்றோர் இதை எடுத்துச்சொல்லி எளிய முறையை முன்வைத்தார்கள்; தமிழ்நாட்டு அரசு 2007இலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 இன்று இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

குடிப்பது எளிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தண்ணீரின் தித்திப்பு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மசக்கை தீராதவர்களுக்குப் பாதி தம்ளரிலேயே குமட்டும். ஒரே மூச்சில் குடித்துவிடாமல் சிறு சிறு மிடறாகக் குடிப்பதும், குடித்தபின் காற்றோட்டமான இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் உதவும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்; மறுநாள் மீண்டும் செய்வார்கள். அரை மணி நேரம் கடந்தபின் வாந்தி வந்தால் பரிசோதனையைத் தொடரலாம். வாந்தியை மறைத்து இரத்தம் கொடுத்தவர்களை நான் அறிவேன். "மறுபடியும் அதைக் குடிக்க முடியாது" என்ற பயம்தான் காரணம். அப்படிக் கிடைக்கும் முடிவை நம்ப முடியாது.

தனியார் மருத்துவமனையில் மூன்று முறை இரத்தம் எடுத்தார்களே?

அது வேறொரு முறை. ஒன்பது நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கண்காணித்து 2008இல் வெளியான ஹாப்போ ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, உலக சுகாதார நிறுவனம் 2013இல் அந்த முறையை ஏற்றுக்கொண்டது. வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 ஆகிய எல்லைகளில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலும் நீரிழிவு என்று கொள்வார்கள். ஒரு முறையில் இருக்கிறது என்றும் இன்னொன்றில் இல்லை என்றும் வருவது உண்டு. அப்போது எந்த ஆய்வகம் சரி என்று அலைவதைவிட, சாப்பாட்டுக்குப் பின் வீட்டில் அளந்து பார்த்த எண்களை மருத்துவரிடம் காட்டிப் பேசுவது பயன் தரும்.

என் சர்க்கரை குழந்தையை என்ன செய்யும்?

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. ஆகவே தாயிடம் சர்க்கரை ஏறும்போதெல்லாம் குழந்தையின் கணையம் தானாகவே கூடுதல் இன்சுலினைச் சுரந்து அதைச் சமாளிக்கிறது. அந்த இன்சுலின் குழந்தையின் உடலில் கொழுப்பைச் சேர்த்து, தோளும் வயிறும் பெருத்த குழந்தையாக வளர்க்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் யோர்கன் பெடர்சன் முன்வைத்த இந்த விளக்கமே இன்றும் இத்துறையின் அடிப்படை.

இதனால் பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளுதல், பனிக்குட நீர் அளவுக்கு மீறுதல், பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குதல் ஆகியவை நேரலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் கூடலாம். சர்க்கரை கட்டுப்பாடின்றி நீண்டநாள் இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயமும் கூடுகிறது. இதை எழுதவே மனம் கூசுகிறது. ஆனால் மூடிமறைப்பதால் பெண்களின் பயம் குறைவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரையை எல்லைக்குள் வைத்திருக்கும்போது இந்த அபாயங்கள் பெருமளவு குறைகின்றன. பெரும்பாலான பெண்கள் நலமான குழந்தையைப் பெற்று வீடு திரும்புகிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை. ஏழாம் மாதத்திலிருந்து குழந்தையின் அசைவை நாள்தோறும் கவனியுங்கள். வழக்கத்தைவிட அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

என்ன சாப்பிடலாம்?

இதற்கு நிறையப் பெண்களின் கையில் கொடுக்கப்படுவது, "சர்க்கரை, கிழங்கு, மாம்பழம் தவிர்க்கவும்" என்று அச்சிட்ட ஒரு தாள் மட்டும்தான். தவிர்க்க வேண்டியவற்றைச் சொல்லும் அந்தத் தாள், காலையில் இட்லிச் சட்டியின் முன் நிற்கும் பெண்ணுக்கு உதவுவதில்லை.

நம் சாப்பாட்டில் சர்க்கரையை ஏற்றுவது பெரும்பாலும் இனிப்பைவிட அரிசிதான். இட்லி, தோசை, சாதம், இடியாப்பம், கஞ்சி என்று மூன்று வேளையும் மாவுச்சத்தையே அடிப்படையாகக் கொண்டது நம் உணவு. அதை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைச் சாப்பாடாகவும் இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டிகளாகவும் பிரித்து உண்பதும், ஒவ்வொரு முறையும் பயறோ முட்டையோ மீனோ தயிரோ காயோ சேர்த்து உண்பதும்தான் அடிப்படை. ஐந்து இட்லியும் சட்னியும் சாப்பிட்டுவந்தவர், இரண்டு அல்லது மூன்று இட்லியோடு காய்கள் நிறைந்த கெட்டிச் சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலோ மோரோ எடுத்துக்கொண்டால், பசியும் அடங்கும், சர்க்கரையும் அடங்கும். மதியத்தில் முதலில் பொரியலையும் கூட்டையும் தட்டில் பாதிக்கு வைத்துக்கொண்டு, மீதி இடத்தில் சாதமும் குழம்பும் என்று அமைத்துக்கொள்ளலாம்.

பலரை வியக்கவைப்பது காலை நேரத்துச் சர்க்கரை. அதே மூன்று தோசையை இரவில் சாப்பிட்டால் 115 காட்டும் கருவி, காலையில் சாப்பிட்டால் 150 காட்டும். காலையில் உடலில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் மிகுந்திருப்பதால் இன்சுலினுக்கு எதிரான தடையும் அப்போது அதிகம். எனவே மாவுச்சத்தைக் குறைக்க வேண்டிய முதல் வேளை காலை உணவுதான். கேழ்வரகு, கம்பு, சாமை எல்லாமே மாவுச்சத்துதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கேழ்வரகைக் கூழாகக் குடித்தால் விரைவாக ஏறும். முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டினால் மெதுவாக ஏறும். பழத்தைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள். ஒரு சிறிய கொய்யாவோ பாதி ஆப்பிளோ சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் போதும்.

சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது, மருத்துவர் தடைசொல்லாதவரை, மிகுந்த பலன் தருகிறது. மொட்டைமாடியிலோ வீட்டுக் கூடத்திலோ நடந்தால் போதும்.

கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் இயற்கையானவைதானே?

இயற்கையானவைதான். ஆனால் வெள்ளைச் சர்க்கரையைப் போலவே இவையும் சர்க்கரையை ஏற்றுகின்றன. குங்குமப்பூ போட்ட பாலில் கற்கண்டு சேர்ப்பதும் இதில் அடங்கும். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலுள்ள பேரீச்சம்பழத்தையும், அங்கன்வாடியில் தரும் வெல்லம் கலந்த சத்துமாவையும் என்ன செய்வதென்று பலர் கேட்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் உங்கள் நிலையைச் சொல்லி, எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். இரும்புச்சத்து டானிக்கையோ மாத்திரையையோ சர்க்கரைக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

பயத்தில் சாப்பாட்டை மிகவும் குறைத்துவிட்டேன். எண்கள் நன்றாக இருக்கின்றன. இது சரிதானே?

சரியில்லை. இதைப் பெரும்பாலும் யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவு வெறும் மோரோடு படுத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். மருத்துவர் "நன்றாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறதே" என்று பாராட்டினால், அதையே அடுத்த முறையும் செய்கிறார்கள். பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன்கள் என்னும் அமிலப் பொருள்களை உண்டாக்குகிறது. தாயின் எடை ஏறாமல் நின்றால் குழந்தையின் வளர்ச்சியும் குன்றலாம். போதுமான அளவு சாப்பிட்டும் எண் ஏறுகிறது என்றால் மருந்து தேவைப்படுகிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

வீட்டில் மற்றவர்களுக்குப் புரிய வைப்பது எப்படி?

மாமியாரும் அம்மாவும் "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று ஊட்டுவது அன்பினால்தான். அவர்கள் காலத்தில் இப்பரிசோதனை எல்லாருக்கும் செய்யப்படவில்லை என்பதால், "எங்களுக்கெல்லாம் இது வரவில்லையே" என்று அவர்கள் சொல்வதில் வியப்பில்லை; வந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அவர்களில் ஒருவரையாவது அடுத்த பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். மருமகளோ மகளோ சொன்னால் காதில் ஏறாதது, செவிலியர் சொன்னால் ஏறும்.

வளைகாப்பு பலருக்கும் மனவேதனை தரும் நாளாக அமைந்துவிடுகிறது. சர்க்கரைப் பொங்கல் தொடங்கி எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று கலந்த சாத வகைகள் வரிசையாக இருக்க, வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வாய் ஊட்ட வருவார்கள். ஒரு தோழியின் வீட்டில் அவருடைய நாத்தனார் முன்கூட்டியே ஒரு தட்டில் சுண்டலும், வெள்ளரி கலந்த தயிர்சாதத்தை நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகவும் வைத்து, ஊட்ட வந்தவர்களின் கையில் அந்தத் தட்டையே கொடுத்தார். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சடங்கும் குறையின்றி நடந்தது.

உண்மையில் கர்ப்பிணிக்குத் தனியாக "சர்க்கரைச் சாப்பாடு" என்று ஒரு பாத்திரம் வைப்பதைவிட, வீட்டார் அனைவருமே காயும் பயறும் கூடுதலாக உண்பதுதான் அவளுக்குப் பெரிய ஆறுதல். சமைப்பவளும் அவளே, எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ஆறிப்போன மிச்சத்தைச் சாப்பிடுபவளும் அவளே என்ற வீட்டில், நேரத்துக்குச் சாப்பிடு என்ற அறிவுரைக்கு இடமே இல்லை. இந்த ஏற்பாட்டைக் கணவர்தான் முன்னின்று மாற்ற வேண்டும்.

வீட்டில் எப்போது, எப்படி அளப்பது? எண் எவ்வளவு இருக்க வேண்டும்?

வெறும் வயிற்றில் 95க்குக் கீழும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குக் கீழும் இருப்பது இலக்கு. இரண்டு மணி நேரத்தைச் சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். எத்தனை முறை அளப்பது என்பது உங்கள் சிகிச்சையைப் பொறுத்தது. ஸ்ட்ரிப் விலை கட்டுப்படியாகாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்துகொள்ளலாம்.

விரலைக் குத்துமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு அளந்த ஒருவருக்குக் கருவி 190க்கு மேல் காட்டியது. அழுதுகொண்டே கை கழுவி மீண்டும் அளந்தபோது 110ஐ ஒட்டி இருந்தது. விரலின் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். எண்ணோடு அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். ஒருநாள் ஏறிய எண்ணுக்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். மருத்துவர் பார்ப்பது பல நாள் போக்கைத்தான்.

இன்சுலின் போட்டால் வாழ்நாள் முழுதும் போட வேண்டிவருமா? மாத்திரை போதாதா?

கர்ப்பத்தின்போது புதிதாக வந்த சர்க்கரைக்குத் தொடங்கும் இன்சுலின், பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு நின்றுவிடும். நஞ்சுக்கொடி வெளியேறியவுடன் அதன் ஹார்மோன்களும் விலகுவதால் தேவையே மறைந்துவிடுகிறது. பழக்கமாகிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

இரண்டு வாரம் உணவுமுறையைப் பின்பற்றியும் சாப்பாட்டுக்குப் பின் 120க்குக் கீழே வரவில்லையென்றால் மருந்து தொடங்குவார்கள். 20 வாரத்துக்குப் பிறகு மெட்ஃபார்மின் மாத்திரையும் ஒரு வழி. மாத்திரை நஞ்சுக்கொடியைக் கடக்கும், இன்சுலின் கடக்காது. குழந்தைக்கு ஊசி ஆகாது என்று எண்ணி மாத்திரையைக் கேட்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. மாதம் ஏற ஏற ஊசியின் அளவும் கூடும்; அது உங்கள் தவறினால் நேர்வதன்று, நஞ்சுக்கொடியின் வளர்ச்சியால் நேர்வது. ஆனால் கடைசி மாதங்களில் அளவு திடீரெனக் குறைந்து, சர்க்கரை அடிக்கடி இறங்கத் தொடங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நடைமுறையில் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் தரும் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டது. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறம். ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு 100 யூனிட் மருந்துக்கானது. மாற்றிப் போட்டால் அளவு தவறிவிடும் என்பதால் கடையில் வாங்கும்போதே மூடியைப் பாருங்கள். தொடையிலோ வயிற்றிலோ போடலாம். வயிற்றில் போட்டால் குழந்தைக்குக் குத்திவிடும் என்ற பயம் வேண்டாம், அந்தச் சிறு ஊசி தோலுக்கடியிலுள்ள கொழுப்போடு நின்றுவிடும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் கதவுப் பகுதியில் வையுங்கள், உறைபெட்டியில் வைக்க வேண்டாம். பெட்டி இல்லாதவர்கள் குப்பியை நெகிழிப் பையில் சுற்றிச் சிறிய கிண்ணத்திலிட்டு, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் வைத்துப் பாதுகாக்கலாம்.

சர்க்கரை இறங்கினால் எப்படித் தெரியும்?

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி, கண் இருட்டுதல். 70க்குக் கீழ் போனால், அல்லது அளக்க வழியில்லாமல் இந்த அறிகுறிகள் தோன்றினால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரையோ சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். கால் மணி நேரம் கழித்தும் தெளியவில்லையென்றால் மீண்டும் ஒருமுறை, தெளிந்தபின் சாப்பிடுங்கள். ஊசி போடுபவர்கள் விரதமிருக்க வேண்டாம். ஆடி வெள்ளிக்கும் சஷ்டிக்கும் வீட்டில் வேறொருவர் உங்களுக்காக விரதமிருக்கட்டும்.

எனக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கிறது. நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெற்றுக்கொள்ளலாம். 1921இல் டொரான்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் இப்படிக் கேட்க வாய்ப்பே இருக்கவில்லை. உடல் இன்சுலினையே சுரக்காமல் போகும் முதல் வகை நீரிழிவு சிறுவயதிலேயே வந்த பெண்கள் கருவுறுவதே அரிது; கருவுற்றவர்களிலும் பலர் பிழைக்கவில்லை. இன்று நிலைமை வேறு. ஆனால் இதில் முன்னேற்பாடு மிக முக்கியம். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகிவிடுகின்றன. நாள் தள்ளியதை உறுதிசெய்வதற்குள் அந்தக் காலத்தில் பெரும்பகுதி கடந்துவிடும். எனவே கருவுறுவதற்கு முன்பே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5க்குக் கீழ் கொண்டுவருவதும், மருத்துவர் சொல்லும் அளவில் ஃபோலிக் அமிலம் தொடங்குவதும், கண் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பரிசோதிப்பதும், இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் உண்ணும் மாத்திரைகள் கர்ப்பத்துக்கு ஏற்றவைதாமா என்று கேட்பதும் அவசியம்.

முதல் வகை நீரிழிவுள்ள பெண்கள் அடிக்கடி சொல்வது மசக்கைக் காலத்துச் சிரமத்தை. ஊசி போட்டுச் சாப்பிட்டு, சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிட்டால், மருந்து மட்டும் உடலில் நின்று சர்க்கரையை இறக்கிவிடும். முதல் மூன்று மாதங்களில், குறிப்பாக இரவில், எச்சரிக்கை அறிகுறியே தெரியாமல் இறங்குவதும் உண்டு. உடன் படுப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் ஊசியை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நிறுத்தினால் கீட்டோன் நஞ்சாகும் அபாயம் உண்டு.

திருமணத்தின்போது நோயை மறைத்து, கணவர் வீட்டில் கழிவறைக்குள் ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் "ஏன் சொல்லவில்லை" என்று கேட்பதற்கு முன், சொன்னால் அந்த வீடு எப்படி நடந்துகொண்டிருக்கும் என்பதையும் கேட்க வேண்டும். கர்ப்பத்தில் மறைத்து வாழ்வது ஆபத்து என்பதால், குறைந்தது கணவரிடமாவது மருத்துவரின் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். அப்படிப் பேசித்தர பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் முன்வருகிறார்கள்.

சிசேரியன்தானா?

சர்க்கரை இருப்பது மட்டுமே அதற்குக் காரணமாகாது. கட்டுப்பாட்டில் இருந்தால் 39 வாரம் வரை காத்திருந்து, வலி வராவிட்டால் வரவழைப்பார்கள். குழந்தையின் எடை நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும் என்று கணித்தால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். குறைமாதப் பிரசவம் நேரக்கூடும் என்று நுரையீரல் முதிர்ச்சிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், சில நாள்களுக்குச் சர்க்கரை கூடுதலாக ஏறும். அதற்காகக் கலங்க வேண்டாம்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். குழந்தைக்கும் சர்க்கரை வந்துவிட்டதா?

வரவில்லை. வயிற்றில் இருந்தவரை கூடுதல் சர்க்கரைக்கு ஏற்ப இன்சுலினைச் சுரந்து பழகிய குழந்தைக்கு, தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வரத்து நின்றுவிடுகிறது. இன்சுலின் மட்டும் சிறிது நேரம் மிகுந்திருப்பதால் சர்க்கரை இறங்கலாம். அதைக் கண்டுபிடிக்கவே அந்தப் பரிசோதனை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலூட்டுவதும்தான் முதல் சிகிச்சை. "சர்க்கரை இறங்கியிருக்கிறது" என்று கேட்டதும் பாட்டிமார் சேனைத் தண்ணீரோ தேனோ வைக்க முற்படுவார்கள். வேண்டாம், கிருமித்தொற்றுக்கு அது வழிவகுக்கும். சில குழந்தைகளைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஓரிரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். அந்நேரத்தில் தாய் தன் சீம்பாலைக் கையால் பீய்ச்சிக் கொடுத்தனுப்பலாம்.

பிரசவத்துக்குப் பின் சர்க்கரை போய்விட்டதென்றார்கள். இனி கவலையில்லையே?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஒன்பது மாதமும் எண்ணைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், குழந்தை பிறந்த மறுநாள் முதல் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் அதற்காக வீடு தேடி வருகிறார். தாயின் சர்க்கரையை நினைவூட்ட யாரும் இல்லை. அவளுடைய உடல் குழந்தைக்காக மட்டுமே கவனிக்கப்பட்டதோ என்று தோன்றும் அளவுக்கு அந்த மௌனம் இருக்கிறது.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். ஆகவே பிரசவமாகி ஆறு வாரத்தில், வெறும் வயிற்றில் ஒருமுறையும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது குளுக்கோஸுக்குப் பின் 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய். குளுக்கோஸுக்குப் பின் 140 முதல் 199 வரை இருந்தால் அதற்கு முந்தைய நிலை. இயல்பாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பெரும்பாலோர் தவறவிடுவதற்குச் சோம்பல் காரணமன்று. ஆறாவது வாரத்தில் அவள் தாய்வீட்டில் இருக்கிறாள். பதிவுசெய்த மருத்துவமனை வேறு ஊரில் இருக்கிறது. மூன்று மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மருத்துவமனையோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் இடமன்று என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடும் நாளும் ஏறத்தாழ இதே ஆறாவது வாரத்தில்தான் வருகிறது. அதே நாளில், அதே இடத்தில் உங்கள் பரிசோதனையையும் செய்ய முடியுமா என்று முன்னதாகவே செவிலியரிடம் கேட்டு வையுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டிய பரிசோதனை என்பதால், இரத்தம் கொடுத்து முடித்ததும் உண்ண ஏதாவது எடுத்துச் செல்லுங்கள். இடையில் குழந்தைக்குப் பால் கொடுக்கத் தடையில்லை. தாய்வீடு எந்த ஊராக இருந்தாலும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். அதன்பின் வரும் ஆண்டுகளில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போது, மாமனாருக்கும் மாமியாருக்கும் பார்ப்பதோடு உங்களுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரசவ லேகியத்தில் கருப்பட்டி நிறையச் சேர்வதால், உங்கள் நிலை தெரியும் வரை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பது உங்கள் உடலின் சர்க்கரையைக் குறைக்கவும் உதவுகிறது. ஊசி தேவைப்பட்டாலும் பாலூட்டலாம். இன்சுலினால் குழந்தைக்குத் தீங்கில்லை.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மீண்டும் வருகிறது. அடுத்த குழந்தையைத் திட்டமிடும்போதே ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். நாள் தள்ளியதும், ஆறாம் மாதம் வரை காத்திராமல், முதல் முறை மருத்துவமனைக்குச் செல்லும்போதே "போன முறை சர்க்கரை இருந்தது" என்று சொல்லி, பழைய மருத்துவக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.